ஒதுக்கி வைத்த குரல்

ராசம்மாள் கேட்ட விலை கடற்கரையில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது, ஏலம் விட்டுக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தைத் தவிர. கூறு கட்டி வைத்திருந்தது சங்கரா மீன். சேத்தியாத்தோப்பு வியாபாரி ஒரு விலை சொன்னார். அதற்குமேல் ஐம்பது ஏற்றி ராசம்மாள் குரல் கொடுத்தாள். மணலில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பொன்னுரங்கம் பார்க்கவில்லை. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று பாடி முடித்து வியாபாரியின் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

"அண்ணே, நான் கேட்டேன்" என்றாள் ராசம்மாள்.

"நீ கேட்டியா? எப்ப?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது. போன வாரமும் இப்படி நடந்தது, அதற்கு முன் வாரமும் நடந்தது. ராசம்மாள் வெறும் அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் சபாபதி வீட்டுக்குப் போனாள். "ஊரு என்னச் சேத்துக்கிச்சு. எங்கண்ணன் இன்னும் சேத்துக்கல. வர்ற அமாவாசைக்குக் கூட்டத்துல வெச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே வரிசையாக இருக்கும் குப்பங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

நடந்தது இதுதான். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த புது வீடுகளில் எது யாருக்கு என்று பஞ்சாயத்தார் பிரித்தார்கள். ராசம்மாளின் புருஷன் பழனிவேலுக்கு மழைத் தண்ணீர் தேங்கும் மூலை வீடு விழுந்தது. அவன் ஊரைக் கேட்காமல் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டான். ஊர் விவகாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். குடும்பத்தையே தள்ளி வைத்தார்கள். தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது. பேசினவனுக்குத் தெண்டம். ஒன்றரை வருஷம் இந்தக் கூத்து நடந்து, இந்த 2009ஆம் வருஷம் தை மாதம்தான் பழனிவேல் கோயில் முன்னால் விழுந்து கும்பிட்டு ஊரோடு சேர்ந்தான்.

தள்ளி வைத்திருந்த அந்த ஒன்றரை வருஷமும் ராசம்மாள் ஒரு வேலை செய்தாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் வீட்டுக்குள் முடங்கியிருப்பாள். இவள் தினமும் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு வந்து நின்றாள். எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்று, எல்லாரையும் போல விலை கேட்டாள். அவளை விரட்டலாம்தான். ஆனால் விரட்ட வேண்டுமானால் அவளிடம் பேச வேண்டும், பேசினால் தெண்டம். பஞ்சாயத்தாரே தங்கள் சட்டத்தில் இப்படி மாட்டிக்கொண்டு விழித்தார்கள். அவள் பாட்டுக்குக் கேட்பாள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எல்லாக் கூறும் போன பிறகு துறைமுகத்துக்கு நடந்துபோய்க் கூடுதல் விலைக்கு வாங்கி, பஸ் ஏறிச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவாள்.

ஏலக்காரருக்குத்தான் பாடு. முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருத்தி கண்ணைக் காட்டுவாள், ஒருத்தி விரலை மடக்குவாள். இத்தனையிலும் தங்கச்சி குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடிக்க வேண்டும். முதல் பத்து நாள் பொன்னுரங்கம் திணறிப்போனார். ஒருநாள் ராசம்மாள் சொன்ன விலையைத் திருப்பிச் சொல்ல வாய் திறந்துவிட்டது. இருமுவது போலச் சமாளித்தார். அப்புறம் பழகிவிட்டது. அலைச் சத்தத்தை யார் கேட்கிறார்கள்? அப்படி ஆகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது ஊர் சேர்த்துக்கொண்டுவிட்டது. ராசம்மாள் கேட்டால் அவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எடுத்துக்கொள்ளத்தான் விரும்பினார். கோயில் சத்தியமாக விரும்பினார். ஆனால் ஏலம் சூடு பிடித்துவிட்டால் அவள் குரல் மட்டும் வந்து சேரவில்லை. வந்தாலும் மூணு தரம் சொல்லி முடித்த பிறகு, பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு ஓடி வருகிறவனைப் போல வந்தது.

ராசம்மாள் தலைவரிடம் போய் வந்தது காதுக்கு எட்டியதும் அன்று பகல் முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது இரண்டாவதுதான். கூடப் பிறந்தது அவள் ஒருத்தி. ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்து, பேச ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேண்டுமென்றேதான் அண்ணன் இப்படிச் செய்கிறான் என்று அவள் நினைத்துவிட்டால் அதோடு முடிந்தது. அமாவாசைக்குள் அவள் தன்னை நம்ப வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, மனைவி தங்கம்மாளை அடுப்படியிலிருந்து விலை கேட்கச் சொன்னார். டக்கென்று காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணையும் சேர்ந்து கத்தச் சொன்னார். அதுவும் விழுந்தது. "உன் காதுக்கு ஒண்ணும் கேடு இல்ல. நீ போய் ஒன் தங்கச்சி கால்ல வுழு" என்று தங்கம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ராசம்மாள் வீட்டுக்குப் போனார். பழனிவேல் வாசலில் பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்தது வலது கை. இடது கை மடியில் கிடந்தது. "வா மச்சான்" என்றான். ராசம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"வேணும்னு பண்ணல ராசம்மா. எனக்குக் கேக்கல."

"நேத்து வந்த வியாபாரி சொல்றது கேக்குது. ஊமையாட்டம் வெரலக் காட்டுறவ கேக்குறது தெரியுது. நான் தொண்ட கிழியக் கத்துறது கேக்கல?"

"கேக்கலம்மா."

"கூட்டத்துல நாலு பேர் எதிர்ல என்னத் தூக்கி எறியற மாதிரி இருக்குது அண்ணே." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவுரு வுழுந்த அன்னிக்கு ஒனக்குக் கேக்கலன்றது வேற. அன்னிக்கு காணாங்கெளுத்தி மீனு அள்ளிக்கிட்டு வந்து ஊரே கத்திக்கிட்டு இருந்துது. அத நான் ஒரு நாளும் குத்தமா எடுத்துக்கல. ஆஸ்பத்திரியில ஒன்ன ஏசுனவங்ககிட்டகூட சொன்னேன், எங்கண்ணன் காதுல வுழுந்திருந்தா ஏலமாவது ஒண்ணாவது, ஓடியாந்திருப்பாருன்னு. ஆனா இப்ப இன்னா வந்துது?"

பழனிவேலுக்குப் பக்கவாதம் வந்தது தள்ளி வைத்திருந்த காலத்தில்தான். விடிகாலையில் குளித்துக்கொண்டிருந்தவன் சாய்ந்துவிட்டான். ராசம்மாள் ஏலத்துக்கு ஓடி வந்து அண்ணனைக் கூப்பிட்டாள். அப்புறம் ரோட்டுக்கு ஓடி, ஐஸ் ஏற்றி வந்த லாரியை மறித்துத்தான் கொண்டுபோனாள். உயிர் தப்பியது, கை தப்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்த நாளைப் பற்றிப் பொன்னுரங்கம் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. "ஆமா, அன்னிக்குச் சத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுச் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

அவருடைய மகள் சிந்துஜா சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி உளவியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பத்திலிருந்து யுனிவர்சிட்டி வரை போன முதல் பெண். என்ன படிக்கிறாள் என்று கேட்டால் பொன்னுரங்கம் "மனச பத்தி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் தங்கம்மாள் எல்லாவற்றையும் கொட்டினாள். சிந்துஜாவுக்குக் கண் விரிந்தது.

"அப்பா, இதுதான்ப்பா என் ப்ராஜெக்ட்டு!"

"இன்னா, நான் அசிங்கப்படுறதா?"

"இல்லப்பா. ஒரு வேல செய்றப்ப கூடவே ஒண்ணு தொந்தரவு பண்ணிக்கிட்டு இருக்கும் இல்ல, அத ஒதுக்கித் தள்ளிட்டு வேலய பாக்குறோம். அப்புறம் திடீர்னு அந்தத் தள்ளுன ஒண்ணுக்கே பதில் சொல்ல வேண்டி வந்தா மூளைக்கு லேட்டாவுது. புதுசா வர்றதுக்குக்கூட சீக்கிரமா சொல்லிடும், ஒதுக்கி வெச்சதுக்குத்தான் தடுமாறும். ஒலகம் பூரா டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க."

பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. எல்லாமே புரிந்தது என்று சொல்ல முடியாது. தன் மேல் தப்பில்லை என்று சொல்ல ஒரு படிப்பு இருக்கிறது, அதையும் தன் மகளே படிக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. உடனே ராசம்மாள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவள் முதலில் வர மாட்டேன் என்றாள். சிந்துஜாவே நேரில் போய், "எப்படியும் மார்க்கெட்டுக்கு வருவ இல்ல அத்தை, வித்து முடிச்சிட்டு எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வா. எனக்காக" என்று கையைப் பிடித்தாள். அண்ணன் மகள் மேல் ராசம்மாளுக்கு உயிர். தலையாட்டினாள்.

புதன்கிழமை பொன்னுரங்கம் ஏலத்தை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதுநகரில் பஸ் ஏறினார். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தார். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவருக்கே விளங்கவில்லை.

சிந்துஜாவின் டிபார்ட்மென்ட்டில் நீளமான வராந்தா, அதன் கடைசியில் சின்ன அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அவளுக்கு வழிகாட்டியான ராபர்ட் சார் மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். பொன்னுரங்கத்துக்குக் கை கொடுத்தார். பிறகு வெளிப்படையாகவே சொன்னார்.

"ஐயா, சிந்துஜா ஆசையில கூட்டிட்டு வந்துட்டாங்க. நீங்க தாராளமா செஞ்சு பாருங்க. ஆனா இதுல வர்ற வித்தியாசம் கண்ண மூடித் தெறக்குற நேரத்துக்கும் கொறவு. இத வெச்சு ஒருத்தர் மனசுல இன்னா இருந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்துக்கு சர்ட்டிபிகேட்டும் தர முடியாது."

"சர்ட்டிபிகேட்டு வேணாம் சார். என் தங்கச்சிக்குப் புரிஞ்சாப் போதும்" என்றார் பொன்னுரங்கம்.

ராசம்மாள் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். கழுவிய கூடையை வராந்தாவில் கவிழ்த்து வைத்துவிட்டு, மீன் வாடை அடிக்குமே என்று அறை வாசலிலேயே நின்றாள். சிந்துஜா உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோட்டுப் படங்கள் வரும். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்புப் படம் எதுவோ அதன் பெயரை உடனே சொல்ல வேண்டும், பச்சையைக் கண்டுகொள்ளக் கூடாது. பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குடை. நாற்காலி. மீன் வந்ததும் நிறுத்தினார்.

"இது இன்னா மீனு? தலை சங்கரா, வாலு கெண்டை. இப்படி ஒரு மீனு கடல்லியே கெடையாது."

"வெறும் மீனுன்னு சொல்லுப்பா. டைம் ஓடுது!"

ராசம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தார் பொன்னுரங்கம். அந்த ஊக்கத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். ஏலம் விட்ட நாக்கு, அதற்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் நடுநடுவே தடுமாறினார். முந்தின படத்தில் பச்சையாக இருந்த பானை அடுத்ததில் சிவப்பாக வந்தபோது வாய் திறந்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் "பானை" என்றது. மணி, செருப்பு, எல்லாவற்றுக்கும் அப்படியே. எதை ஒதுக்கினாரோ அதுவே வந்து நின்றால் நாக்கு பின்வாங்கியது.

முடிந்ததும் சிந்துஜா திரையில் நேரத்தைக் குறித்த இரண்டு கோடுகளைக் காட்டிக் கை தட்டினாள். "பாத்தியா அத்தை! புதுசா வந்த படத்துக்கெல்லாம் சீக்கிரம் சொல்லியிருக்காரு. ஒதுக்கி வெச்ச படத்துக்குத்தான் லேட்டு. அப்பா வேணும்னு செய்யல. ஒன்றரை வருஷம் ஒன் கொரல ஒதுக்கியே பழகிட்டாரு. இப்ப அது வந்தா பழைய 'வேணாம்'கிற நெனப்பும் சேந்தே வந்து வழிய மறிக்குது."

பொன்னுரங்கம் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். அது இளகிக்கொண்டு வந்தது. வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கண்ணெதிரிலேயே இளகியது. இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று நினைத்தார். டீ வாங்கி வரலாமா என்று எழுந்தார்.

"அந்தப் பச்சப் படம் அவுரு கண்ணுல வுழுதா, வுழலியா?" என்று ராசம்மாள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வுழுது அத்தை. வுழுந்தாத்தானே ஒதுக்க முடியும்? மூளை அதையும் பாக்குது, பானைன்னு தெரிஞ்சிக்குது, அப்புறம்தான் வேணாம்னு தள்ளுது. பாக்கவே இல்லன்னா அது புதுப் படம் மாதிரி ஆயிடும். அதுக்கு லேட்டே ஆவாது."

"ஓகோ."

"லேட்டாவுது பாரு, அதுதான் ஆதாரம், உள்ள போயிருக்குதுன்றதுக்கு." சிந்துஜாவுக்கு வாய் நிற்கவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு உள்ள கெடுதல் அது.

"காதுக்கும் அப்படித்தானா?"

"காதுக்கும்தான்."

ராசம்மாள் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு அண்ணனின் பக்கம் திரும்பினாள்.

"இவுரு வுழுந்த அன்னிக்கு நான் வந்து நின்னு இன்னா சொன்னேன்?"

ராபர்ட் சார் குறுக்கே வந்தார். "அம்மா, அப்படி ஒரு முடிவுக்கு வரக் கூடாது. இது சும்மா படம் காட்டுற டெஸ்ட்டு. அன்னிக்கு அவுருக்குக் கேட்டுதா இல்லியான்னு இது சொல்லாது."

"நீங்க சொல்ல வேணாம் சார். அவுரு சொல்லட்டும். அண்ணே, நான் இன்னா சொன்னேன்?"

தெரியாது என்று சொல்லத்தான் பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு. "அண்ணே, இவுரு வுழுந்துட்டாரு, கை இழுத்துக்கிச்சு, வண்டிக்குச் சொல்லு அண்ணே."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அவள் அன்று மூச்சு வாங்கின இடத்தில்கூட அவருக்கும் மூச்சு வாங்கியது. "அப்பா" என்று சிந்துஜா கூப்பிட்டாள். அவர் மகளைப் பார்க்கவில்லை.

ராசம்மாள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, நாற்காலியில் மீன் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்து முந்தானையால் துடைத்தாள். சிந்துஜாவின் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படி பாப்பா" என்றாள். வராந்தாவில் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ராசம்மா, நில்லு. நான் சொல்றதக் கேளு."

வராந்தா நீளமானது. அவள் கடைசி வரைக்கும் திரும்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால், அவர் பின்னால். நடுவில் பரங்கிப்பேட்டைக்காரர்கள் ஏறி இறங்கினார்கள். அவளுடைய பின்தலையைப் பார்த்தபடி பொன்னுரங்கம் அந்த நாளை முதல் தடவையாக முழுசாக நினைத்துப் பார்த்தார். குரல் கேட்டது. தங்கச்சி குரல் என்றும் தெரிந்தது. பழனிவேலுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றும் தெரிந்தது. இந்தக் கூறை முடித்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தார். பஞ்சாயத்தார் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். தெண்டம் போடுவார்கள், ஏலம் கை மாறும், மகள் யுனிவர்சிட்டியில் சேர்ந்த நேரம். முதல் கூறு முடிந்தது. யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்து இரண்டாவதை ஆரம்பித்தார். அது முடிந்து நிமிர்ந்தபோது அவள் நின்ற இடம் காலியாக இருந்தது. கேட்கவே இல்லை என்று அன்று மத்தியானம் யாரிடமோ சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார். அவ்வளவு கேவலமாக இருந்தது அவருக்கு, ஜன்னலோரம் இருந்தவன் வெயிலுக்கு ஷட்டரை இறக்கி வெளிச்சத்தை மறைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

முதுநகரில் இறங்கி அவள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். "உன் இஷ்டத்துக்குத் திட்டு. ரெண்டு அடி அடி. பேசாம மட்டும் போவாத." அவள் நடந்துகொண்டே இருந்தாள். அண்ணன் தங்கச்சிக்குள் என்ன என்று டீக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அமாவாசையன்று ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கோயில் முன்னால் பந்தல் நிழலில் கூட்டம் கூடியது. பொன்னுரங்கம் ஒரு முடிவோடுதான் போயிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லட்டும், தலை குனிந்து கேட்டுக்கொள்வோம், ஏலம் போனால் போகட்டும். சொல்லிவிட்டாளானால் ஆத்திரம் தீரும், தீர்ந்தால் ஒருநாள் பேசுவாள். அந்த நம்பிக்கையில்தான் அவர் கால் அங்கே நின்றது.

சபாபதி கேட்டார். "சொல்லும்மா. ஒங்கண்ணன் வேணும்னே நீ கேக்குற வெலய எடுக்குறதில்லன்னு சொன்ன. இன்னா விசயம்?"

ராசம்மாள் எழுந்தாள். "விசாரிச்சுப் பாத்தேன். வேணும்னு செய்யல. பழக்கம் அப்படி. ஏலக்காரரு மேல எனக்குப் புகாரு இல்ல."

சபாபதிக்குச் சந்தோஷம். "அதானே, கூடப் பொறந்தவன் செய்வானா? கலைஞ்சு போங்கப்பா." கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து வேட்டியை உதறினார்கள். சண்டை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். பழனிவேல் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டு எழுந்தான்.

பொன்னுரங்கம் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அண்ணன் என்று சொல்லவில்லை அவள். ஏலக்காரர் என்றாள். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை. தள்ளி வைத்திருந்த காலத்தில், பதில் வராது என்று தெரிந்தும் தினமும் "அண்ணே" என்றுதான் விலை கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் படகுகள் வந்தன. நல்ல மீன். ரொம்ப நாளாக இப்படிப் பார்க்கவில்லை என்று சொல்லுகிற அளவுக்குக் காணாங்கெளுத்தி. பெண்கள் கூடையோடு நெருக்கியடித்து நின்றார்கள். பொன்னுரங்கம் ஏலத்தை ஆரம்பித்தார். காது அன்று கூர்மையாக இருந்தது. அடிக்குரலில் முணுமுணுத்ததைக்கூடப் பிடித்தார். சேத்தியாத்தோப்பு வியாபாரி ஒரு விலை சொன்னார். அதற்குமேல் யாரும் ஏற்றவில்லை.

"ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார்.

நின்றுவிட்டார். ராசம்மாள் நிற்கும் பக்கம் பார்த்தார். தள்ளி வைத்திருந்தபோது ஒரு நாள் தவறாமல் வந்து நின்றவள் அங்கே இல்லை. விடிவதற்கு முன்பே கூடையோடு துறைமுகத்துப் பக்கம் நடந்துபோனதைப் பார்த்ததாகத் தங்கம்மாள் சொல்லியிருந்தாள். அவருக்கு அது தெரியும். ஆனாலும் மூன்றாம் தரம் சொல்லாமல் நின்றார்.

"இன்னா ஏலக்காரரே, மீனு காயுது! யாருக்காவ நிக்கிற?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

"இரு" என்றார் பொன்னுரங்கம். "என் தங்கச்சி கேக்கட்டும்."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வியாபாரி எடுத்த பணத்தைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.